கடைசி வரை போகாத வடிகால் (3)

"கடைசி வரை போகாத வடிகால் கலங்கி, முருகனுக்காகத் தோளில் ஏறும் (3)."

கடலூரில் ஒரு மழைக்காலத்தையாவது பார்த்தவர்கள் இதைக் குறுக்கெழுத்துக் குறிப்பு என்று நினைக்க மாட்டார்கள், யாரோ பாதி கோபத்தில் எழுதிய புகார் மனு என்றுதான் நினைப்பார்கள். அப்படி நினைப்பதில் தப்பும் இல்லை, ஏனென்றால் எழுதியவர் எங்கள் அண்ணி. மஞ்சக்குப்பத்தில் கலெக்டர் ஆபீஸ் பக்கம் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார், கூடவே டைப்பிங். திங்கட்கிழமை குறைதீர் நாள் என்றால் காலையிலேயே கடை வாசலில் கூட்டம் நிற்கும். பட்டா மாறவில்லை, முதியோர் பென்ஷன் வரவில்லை, தெருவில் சாக்கடை தேங்குகிறது, பக்கத்து நிலத்துக்காரன் வரப்பை வெட்டிவிட்டான் என்று ஆளாளுக்குச் சொல்லச் சொல்ல இவர் தட்டச்சு செய்துகொண்டே இருப்பார். அந்தக் கை சும்மா இருக்கும் நேரத்தில் கட்டம் போட்ட தாளில் குறுக்கெழுத்துப் புதிர் போடும். போட்டு முடித்ததும் போட்டோ எடுத்து எங்கள் குடும்ப வாட்ஸ்ஆப் குழுவில் அனுப்பிவிடுவார். இந்தத் தடவை அனுப்பியது கொஞ்சம் அதிகமாகவே கடுமை, அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

வாரப் பத்திரிகைகளில் வரும் குறுக்கெழுத்து வேறு வகை. "ராமனின் தம்பி", "இனிப்புப் பண்டம்" என்று அர்த்தத்தை மட்டும் கொடுத்திருப்பார்கள், தெரிந்தால் எழுதலாம், தெரியாவிட்டால் பக்கத்தைத் திருப்பலாம். இது கிரிப்டிக் வகை. குறிப்பில் இரண்டு பாகம் இருக்கும். ஒன்று நேரான பொருள், அது வாக்கியத்தின் தலையிலோ வாலிலோதான் இருக்கும், நடுவில் இருக்காது. மற்றது அந்த விடையின் எழுத்துகளை எப்படிச் சேர்ப்பது என்று சொல்லும் செய்முறை. இரண்டும் ஒட்டுப்போட்டது தெரியாமல் ஒரே வாக்கியமாக, முடிந்தால் வேறெதையோ பற்றிப் பேசுவதுபோல நிற்க வேண்டும். அடைப்புக்குள் இருக்கும் எண், விடைக்கு எத்தனை எழுத்து என்பது. புள்ளி வைத்த எழுத்துக்கும் ஒரு தனிக் கட்டம் உண்டு.

வடிகாலுக்கு வருவோம். முருகனுக்காகத் தோளில் ஏறுவது காவடி, அது நேர்ப்பொருள். மிச்சமெல்லாம் செய்முறை. 'வடிகால்' என்ற சொல்லை எடுத்துக்கொள், "கடைசி வரை போகாத" என்பதால் கடைசி எழுத்தான 'ல்' வேண்டாம், வடிகா என்று நிற்கும். "கலங்கி" என்றால் எழுத்துகளைக் கலைத்துப் போடு. வடிகா, காவடி. அவ்வளவுதான். ஆனால் இங்கே இருப்பவர்களுக்கு "வடிகால் கலங்கி" என்று படித்ததுமே போன மழையில் முழங்கால் வரை நின்ற தண்ணீர்தான் ஞாபகத்துக்கு வருமே தவிர எழுத்தைக் கலைக்கவா தோன்றும்? குழுவில் என் தங்கை "அண்ணி, இதுக்கும் முருகனுக்கும் என்ன சம்பந்தம், கோயில் தெருவுலயா தண்ணி நிக்குது?" என்று கேட்டிருந்தாள். அண்ணி சிரிக்கும் பொம்மை ஒன்றை மட்டும் அனுப்பினார்.

ஆங்கிலத்தில் இந்த விளையாட்டுக்கு நூறு வயது தாண்டிவிட்டது. ஆர்தர் வின் என்பவர் நியூயார்க் வேர்ல்ட் பத்திரிகையில் முதல் குறுக்கெழுத்தை 1913 டிசம்பர் 21ஆம் தேதி போட்டார், அதுவே வெறும் அர்த்தம் கேட்கும் வகைதான். பிறகு இங்கிலாந்துக்குப் போய்த்தான் அது திருகிக்கொண்டது. டார்க்கிமாடா என்ற பெயரில் ஒருவர் 1926 முதல் அப்சர்வர் பத்திரிகையில் போட்ட புதிர்களில் ஏறக்குறைய எல்லாக் குறிப்புமே சூதுதான். சூது அதிகமாகிப்போய், எதை வேண்டுமானாலும் எழுதிவிட்டு "கண்டுபிடி பார்க்கலாம்" என்று சொல்லும் நிலை வந்தபோது, அஃப்ரிட் என்ற புனைபெயரில் புதிர் போட்ட ரிச்சி என்ற பாதிரியார் ஒரு கட்டுப்பாட்டைச் சொன்னார். நான் சொல்வது போலத் தோன்றுவதுதான் என் மனதில் இருக்க வேண்டும் என்ற அவசியம் இல்லை, ஆனால் என் மனதில் இருப்பதை நான் எழுத்தில் சொல்லியிருக்க வேண்டும் என்பது அதன் சாரம். அண்ணிக்கு அஃப்ரிட்டும் தெரியாது டார்க்கிமாடாவும் தெரியாது. ஆனால் அவர் போட்டுக்கொண்ட விதியும் அதேதான்: "மனுவுல ஒரு சொல் சும்மா நிக்கக் கூடாது தம்பி. நின்னா அதைப் புடிச்சுக்கிட்டு ஃபைலைத் திருப்பி அனுப்பிடுவாங்க."

சரி, புதிருக்குள் போகலாம். முதல் கட்டத்திலேயே இரண்டு சொல் தொடங்குகின்றன, ஒன்று இடமிருந்து வலம், ஒன்று மேலிருந்து கீழ்.

"பாட்டும் விளக்கில் எரிவதும் சேர்ந்தால் தேவாலயத்தில் இருப்பார், சிவன் கோயிலில் நிற்கும் (3)." பாட்டு என்றால் பா, விளக்கில் எரிவது திரி. பாதிரி. தேவாலயத்தில் இருப்பவர் பாதிரி, சரி. சிவன் கோயிலில் எப்படி நிற்பார் என்று வெளியூர்க்காரர்கள் குழம்பலாம். கடலூர்க்காரர்களுக்கு அது தெருப்பெயர் மாதிரி வாயில் இருப்பது. திருப்பாதிரிப்புலியூர் பாடலீஸ்வரர் கோயிலின் தல மரமே பாதிரிதான், ஊருக்குப் பெயரும் அதனால் வந்ததுதான். "இருப்பார்" என்று மனிதருக்கும் "நிற்கும்" என்று மரத்துக்கும் வினையைப் பிரித்துப் போட்டிருக்கிறார் பாருங்கள், அங்கேதான் அண்ணியின் நாணயம் தெரிகிறது. இரண்டுக்கும் "இருக்கும்" என்று போட்டிருந்தால் கேட்க யாரும் இல்லை.

அதே 'பா'வில் தொடங்கி மேலிருந்து கீழே: "வரத்தின் இதயம் பாதியில் புகுந்தால் புதுவைக்கு வந்து தங்கிய கவிஞர் (3)." கவிஞர் யார் என்பதில் சந்தேகமே வராது. புதுவையில் தெருவுக்குத் தெரு அவர் பெயர் இருக்கிறது, முதல் எழுத்தும் பா. ஆகவே எல்லோரும் பாரதி என்று எழுதிவிட்டு அடுத்ததற்குப் போய்விட்டார்கள். எனக்கு அது ஆகாது. விடை வந்துவிட்டது என்பதற்காகக் குறிப்பை விட்டுவிட்டுப் போவது, சாப்பிடாமல் இலையை மூடுவதுபோல. "பாதியில்" என்றதும் எந்தச் சொல்லையோ இரண்டாக வெட்ட வேண்டும் என்று மூளை ஓடுகிறது. வரத்தை வெட்டினால் ஒன்றும் வரவில்லை, இதயத்தை வெட்டினாலும் வரவில்லை. இங்கே வெட்டுவதற்கே ஒன்றும் இல்லை. 'பாதி' என்ற சொல்லே கண்ணெதிரே முழுசாகக் கிடக்கிறது. வரம் என்ற மூன்றெழுத்தின் இதயம், அதாவது நடு எழுத்து, 'ர'. அது பாதிக்குள் புகுந்தால் பாரதி. இந்தக் கிரிப்டிக் வகையில் மிகக் கடினமான குறிப்பு எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன்: ஒளித்து வைக்காமல் நடுக்கூடத்தில் வைத்திருப்பது.

(பாரதி 1908இல் புதுவைக்கு வந்தார், 1918இல் வெளியே கால் வைத்ததும் கைது செய்து கடலூர் சிறையில் வைத்தார்கள். "பத்து வருஷம் உங்க ஊருல வச்சிருந்தீங்க, எங்க ஊருக்கு வந்ததும் ஜெயில்ல போட்டுட்டாங்க" என்று அண்ணியே ஒரு தடவை வருத்தப்பட்டிருக்கிறார். நான் முத்தியால்பேட்டையில் இருப்பதால் புதுவையின் சகல பெருமைக்கும் குற்றத்துக்கும் நான்தான் பொறுப்பு.)

பாரதியின் கடைசி எழுத்து 'தி' குறுக்கே வரும் இன்னொரு சொல்லில் மூன்றாவது எழுத்து. அதற்கான குறிப்பு: "அமைச்சர் தலை போய் முருகன் தலை வந்தது, பாயசத்தில் மிதக்கும் (4)." இதைப் படித்துவிட்டு எங்கள் சித்தப்பா, அரசியல் பதிவுகள் குழுவில் வேண்டாம் என்று ஒரு பொது எச்சரிக்கை விட்டார். அமைச்சர் என்றால் மந்திரி. அதன் தலை, 'ம', போய்விட்டது. முருகனின் தலை 'மு' வந்து உட்கார்ந்தது. முந்திரி. பாயசத்தில் மிதக்கிறது. இதில் ஒரு எழுத்துகூட வீணில்லை, வாக்கியமும் சிரிப்பாக இருக்கிறது, ஒரு நல்ல குறிப்புக்கு இதற்கு மேல் என்ன வேண்டும்?

முந்திரி வந்தால் பக்கத்தில் பலா வராமல் இருக்குமா? "அநேகம், கடைசியில் நீண்டு பண்ருட்டிச் சந்தையில் குவியும் (2)." அநேகம் என்றால் பல, கடைசி எழுத்தை நீட்டினால் பலா. குறிலை நெடிலாக்கும் இந்த உத்தி ஆங்கிலத்தில் கிடையாது, தமிழ் எழுத்து நமக்குப் போட்டுத் தரும் சலுகை. ஆனால் சொல்லாமல் நீட்டக் கூடாது. காவடியில் 'கா'வை 'க' ஆக்கிவிட்டுக் கலைத்துப் போட்டு விளையாட முடியாது, கட்டத்தில் விழுவது முழு எழுத்து. நீட்டு, குறுக்கு, கொம்பை எடு என்று குறிப்பு வாயைத் திறந்து சொன்னால்தான் செய்யலாம்.

அப்புறம் வந்தது சின்னஞ்சிறு குறிப்பு. "யாரும் அழைக்காமல் வந்த புயல் (2)." இதில் செய்முறையே இல்லை, இரண்டு நேர்ப்பொருளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறார். யாரும் அழைக்காமல் என்றால் தானே. புயலும் தானே. 2011 டிசம்பர் 30ஆம் தேதி விடியற்காலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் நடுவே கரையேறியது. அதற்குப் பெயர் வைத்தது மியான்மர், நம் மொழியில் அது என்ன பொருள் தரும் என்று அவர்கள் யோசித்திருக்க வழியில்லை. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் பார்த்தவர்கள் இங்கே இன்னமும் "தானேக்கு முன்னாடி", "தானேக்கு அப்புறம்" என்று கணக்குச் சொல்வார்கள். பலா, முந்திரி, தானே மூன்றையும் கட்டத்தில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தது தற்செயலா என்று கேட்டேன். "அந்த வருஷம் நான் அடிச்ச மனு பூரா அதுதான் தம்பி, மரம் போச்சு, ஓடு போச்சு, நிவாரணம் வரலன்னு. வேற எங்க வைக்கிறது?" என்றார்.

கடகடவென்று போட்டது இரண்டு. "இலாகாவுக்கு மூஞ்சி வைத்தால் கப்பல் வரும் (5)", துறைமுகம், யாருக்கும் ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. "சமுத்திரமே, எறும்புபோல் நகர்! நம் மாவட்டம் (4)", கடல், ஊர், கடலூர். இதில் 'ஊர்' என்பதை வினையாக எடுக்க வேண்டும் என்பது மட்டும்தான் விஷயம்.

இப்படித் துண்டு துண்டாக விடை கண்டு ஒட்டும் வகையைப் பார்க்கும்போதெல்லாம் அப்பா, "இதெல்லாம் வெள்ளைக்காரன் கண்டுபிடிச்சதுன்னு நினைக்காதீங்கடா" என்று ஆரம்பித்துவிடுவார். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. தண்டியலங்காரம் என்ற பழைய அணி இலக்கண நூலில், எழுத்தோடு விளையாடும் சித்திரகவி வகைகளைச் சொல்லும் இடத்தில் வினாவுத்தரம் என்று ஒன்று வருகிறது. வரிசையாகச் சில கேள்விகள், ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி விடை, அவற்றைச் சேர்த்தால் கடைசிக் கேள்விக்கு விடை. அங்கே காட்டும் உதாரணம் திருவேகம்பம். பூமகள் யார், திரு. ஒருவனைப் போகச் சொல்கிறவன் என்ன சொல்வான், ஏகு. சரத்துக்கு வேறு பெயர், அம்பு. அழகுக்குப் பெயர், அம். எல்லாம் சேர்ந்தால் பிறை சூடியவன் உவந்து உறையும் இடம், காஞ்சிபுரத்து ஏகம்பம். கட்டமும் அடைப்புக்குள் எண்ணும்தான் இல்லை, மற்றபடி இது அண்ணி அனுப்பும் சரக்கேதான். அதே பட்டியலில் கரந்துறைச் செய்யுள் என்றும் ஒன்று உண்டு, ஒரு பாட்டின் எழுத்துகளுக்குள் இன்னொரு பாட்டை ஒளித்து வைப்பது. மாலைமாற்று, முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றாக வருவது, அதில் சம்பந்தர் ஒரு பதிகமே பாடியிருக்கிறார், நமக்குப் பக்கத்தில் இருக்கும் சீர்காழி மேல். பக்தி இருந்தாலும் அந்தப் பிள்ளைக்கு எழுத்தோடு விளையாடும் ஆசையும் இருந்திருக்கிறது.

வினாவுத்தரம் மாதிரியே வந்தது: "சொறியத் தோன்றும் திட்டு, ரோமானிய மதுச்சாடி கிடைத்த இடம் (6)." நான் கடலூருக்குப் போகும் பஸ்ஸில் உட்கார்ந்து யோசித்துக்கொண்டிருந்தபோது அரியாங்குப்பம் பாலம் வந்தது. சொறியத் தோன்றுவது அரிக்க, திட்டு மேடு. அரிக்கமேடு! 1945இல் மார்ட்டிமர் வீலர் என்ற தொல்லியல் அறிஞர் வந்து தோண்டி, ரோமானியச் சாடித் துண்டுகளையும் இத்தாலிய மட்பாண்டங்களையும் வைத்து இங்கே கடல் வணிகம் நடந்த காலத்தைக் கணக்குப் போட்ட இடம். உள்ளே போனால் இன்று மாந்தோப்பும் ஒரு பழைய செங்கல் சுவரும்தான். 'அரிக்க' என்பதற்கு ஆறு கரையை அரிப்பதைப் பிடித்திருந்தால் இன்னும் அழகாக இருந்திருக்கும் என்பது என் அபிப்பிராயம். அண்ணி ஒத்துக்கொள்ளவில்லை. "சொறியிறதுன்னாத்தான் ஜனங்க ரோமானியனை மறப்பாங்க."

"ஈசனே, திருப்பிப் படி (2)." இதைப் பார்த்து நான் எழுந்து உட்கார்ந்தேன். படி என்றால் வாசி, திருப்பினால் சிவா. சித்தர் பாட்டு கொஞ்சம் காதில் விழுந்தவர்களுக்கு வாசியும் சிவாவும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டு நிற்பது தெரிந்த சங்கதி, ஆனால் அதை இவ்வளவு சாதாரண வாக்கியத்தில் போட ஒரு துணிச்சல் வேண்டும். தமிழில் இந்தத் திருப்பிப் போடும் வகை ரொம்பக் கஷ்டம். கடல், மரம், பால், தேன் என்று பாதிச் சொற்கள் புள்ளி எழுத்தில் முடிகின்றன, திருப்பினால் புள்ளி எழுத்து முன்னால் வந்து நிற்கும், அப்படித் தொடங்கும் சொல்லே தமிழில் இல்லை. அதனால்தானோ என்னவோ நம் பத்திரிகைக் குறுக்கெழுத்துகளில் வலமிருந்து இடம், கீழிருந்து மேல் என்றெல்லாம் தனியாகத் திசை வைத்திருக்கிறார்கள். அண்ணி அதைச் செய்வதில்லை, திருப்ப வேண்டுமென்றால் குறிப்பிலேயே திருப்புவார்.

புள்ளி எழுத்தால் புதிர் போடுபவருக்குத் தொல்லை என்றால் விடை தேடுபவருக்கு அதே புள்ளி எழுத்து துணை. முந்திரியின் 'ந்' விழுந்த கட்டத்திலிருந்து எந்தச் சொல்லும் தொடங்க முடியாது என்று பார்க்காமலே சொல்லிவிடலாம். ஒரு சொல்லின் நடுவில் 'ந்' கிடைத்துவிட்டால் அடுத்த கட்டத்தில் பெரும்பாலும் தகர வரிசையோ நகர வரிசையோதான், இருநூற்று நாற்பத்தேழு எழுத்தில் தேட வேண்டிய வேலை இல்லை. எங்கள் அப்பா விடையைக் கண்டுபிடிக்கும் முன்பே எந்தக் கட்டத்தில் எந்த வரிசை வரும் என்று பென்சிலால் புள்ளி வைத்துக்கொள்வார். பார்க்க எரிச்சலாக இருக்கும், ஆனால் வேலைக்கு ஆகும்.

இந்தப் புதிரில் எனக்கு ஆகப் பிடித்தது எது என்றால் இதுதான்: "எழுதியது கவிதையல்ல, உள்ளே இருப்பது பெண் (3)." இரண்டு நாள் யாரும் வாயைத் திறக்கவில்லை. பெண்ணுக்கு மங்கை, நங்கை, மாது எதை வைத்தாலும் எழுத்து எண்ணிக்கை சரியாக வரும் அல்லது வராது, ஆனால் குறிப்போடு ஒட்டாது. குறிப்பு கெஞ்சாத குறையாகச் சொல்கிறது, "உள்ளே இருப்பது" என்று. எதன் உள்ளே? கவிதையல்ல என்பதன் உள்ளே. க, வி, தை, ய, ல், ல. நடுவில் மூன்று எழுத்தைத் தனியாகப் பாருங்கள். தையல். பழைய பாட்டில் பெண்ணுக்குத் தையல் என்ற பெயர் உண்டு, பாரதியும் "தையல் சொல் கேளேல்" என்ற பழைய ஆத்திசூடி வரியைப் போட்டுப் புரட்டியவர்தான். தண்டி சொன்ன கரந்துறைதான் இது, செய்யுளுக்குப் பதில் ஒரு சொல் ஒளிந்திருக்கிறது. கவிதை, அல்ல என்று இரண்டாகப் பிரித்து எழுதியிருந்தால் யகரம் வந்திருக்காது, தையலும் இருந்திருக்காது. புணர்ச்சி இலக்கணத்தைப் பள்ளிக்கூடத்தில் திட்டியபடியே படித்தவர்கள் எல்லோரும் இந்தக் குறிப்பு முன்னால் ஒரு தடவை விழுந்து கும்பிடலாம்.

காதால் தீர்க்க வேண்டியது ஒன்று. "கேட்டால் மீன், பார்த்தால் குலை தள்ளும் (2)." மீன் வாளை, மரம் வாழை. ழகரத்தை ளகரமாகச் சொல்லும் வாய்க்கு இரண்டும் ஒன்றுதான். இந்த வகையில் ஒரு ஆபத்து உண்டு, எது விடை, எது வெறும் ஒலி என்று தெளிவாக இல்லாவிட்டால் இரண்டில் எதை எழுதினாலும் சரி என்று ஆகிவிடும். "பார்த்தால்" என்று போட்டு அந்த வாசலை அடைத்திருக்கிறார். பார்க்கும்போது, அதாவது எழுத்தில், அது குலை தள்ளுவது. ஆகவே வாழை. தங்கை வாளை என்று எழுதி, மார்க் வேண்டும் என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறாள்.

கடைசியாகச் சண்டை வந்த குறிப்புக்கு வருகிறேன். காவடியின் 'டி' வழியாக மேலிருந்து கீழே இறங்குவது. "கடன் கொடுத்தவர் வைப்பது, ஒற்றன் ஓடிய வீட்டோடு சேர்ந்து கடலூரில் கடலைத் தொடும் (4)." இரண்டாம் எழுத்து டி, கடலூரில் கடலைத் தொடுவது ஆறு, கெடிலம் என்று தங்கைகூடச் சொல்லிவிட்டாள். எப்படி வருகிறது என்பதுதான் பஞ்சாயத்து. கடன் கொடுத்தவர் வைப்பது கெடு. வீடு, இல்லம். அதிலிருந்து ஒற்று, அதாவது புள்ளி எழுத்து 'ல்', ஓடிப்போனால் இலம். கெடு, இலம், கெடிலம்.

முதல் ஆட்சேபணை என்னுடையது. ஒற்று வேறு, ஒற்றன் வேறு. "ஒற்று ஓடிய வீடு" என்று எழுதியிருந்தால் நான் கையெடுத்துக் கும்பிட்டிருப்பேன், ஒற்றன் என்று போட்டதும் அது உளவாளிக்குப் போய்விட்டது, எழுத்துக்கு வரவில்லை. இரண்டாவது, இல்லத்தில் இரண்டு ஒற்று இருக்கிறது, ல் ஒன்று, ம் ஒன்று, எந்த ஒற்றன் ஓடினான் என்று சொல்லவில்லை. அண்ணி இரண்டாவதற்குப் பதில் வைத்திருந்தார்: ம் ஓடினால் 'கெடில்ல' என்று ஏதோ வரும், அப்படி ஆறு எங்கேயும் ஓடவில்லை, ஆகவே குழப்பத்துக்கு இடமில்லை. முதலாவதற்கு, "ஒற்றுன்னு எழுதினா வீட்டுல ஒற்றுமை இல்லன்னு நினைப்பாங்கன்னு பார்த்தேன்" என்று சம்பந்தமில்லாமல் ஏதோ சொன்னார். நான் விடவில்லை.

அப்பா மூன்றாவது பக்கத்திலிருந்து நுழைந்தார். கெடு என்பதில் இருப்பது குற்றியலுகரமே இல்லை, தனிக்குறிலுக்குப் பின்னால் வருவதால் முற்றியலுகரம், அது இகரம் வந்தால் விட்டு ஓடுமா என்று. "ஏம்மா, கெடுவிலம்னுதானே வரணும்?" என்றார். அண்ணி கொஞ்ச நேரம் பதில் போடவில்லை. கடையில் கூட்டம் என்று நினைத்தோம். பிறகு நன்னூல் பக்கம் ஒன்றின் போட்டோ வந்தது, உயிர் வந்தால் உகரம் மெய்யை விட்டு ஓடும் என்ற சூத்திரம், அதன் கடைசியில் "முற்றும் அற்று ஒரோவழி" என்ற இடத்தில் சிவப்புப் பேனாவில் கோடு. முற்றியலுகரமும் சில இடத்தில் அப்படியே ஓடும் என்று அர்த்தம். கீழே, "மாமா, இது அந்த ஒரோவழி" என்று ஒரு வரி. அப்பா வெற்றிலை போட்டுக்கொண்டு சிரித்தார். எனக்குத்தான் ஒற்றன் விஷயத்தில் தீர்ப்பு வரவில்லை.

தீர்ப்பு வராத கோபத்தில் நானும் ஒன்று எழுதி அண்ணிக்கு மட்டும் தனியாக அனுப்பினேன்: "வாசலைத் தாண்டு, வெளியே இல்லை, சாமி! (4)." டீ ஆறுவதற்குள் விடை வந்துவிட்டது, சரியான விடை. கூடவே "ஒரு சொல் சும்மா நிக்குது தம்பி" என்று மனுவைத் திருப்பியும் அனுப்பிவிட்டார். விடையை நான் சொல்லப்போவதில்லை. ஆனால் அவர் சொன்னதை நான் ஏற்கவும் இல்லை. வாசல் இல்லாமல் எதைத் தாண்டச் சொல்வதாம்?